எந்த ஊர்னு கேட்டுட்டேன்

எனக்கு ஆலோசனை சொல்லப் பிடிக்கும். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். லிஃப்டில் கூட வருகிறவரின் முழங்கால் வலிக்கும், வாட்ச்மேன் மகனின் கல்லூரி சேர்க்கைக்கும் என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். ஹைதராபாத் பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வெளியே வந்தபோது, இந்தத் திறமை வீணாகக் கூடாது என்று உளவியல் ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் வகுப்பில் முதல் வாக்கியமாகச் சொன்னார்கள்: இந்தத் தொழிலில் ஆலோசனை சொல்லக் கூடாது. கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்பதை அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

செய்தி ராஜபாளையம் வரை போயிற்று. சித்தப்பா மகன் போன் செய்தான்.

"அண்ணே, கவுன்சிலர் ஆகப்போறீங்களாமே! ஹைதராபாத்துலயா? எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லடா. இது மனசு சம்பந்தப்பட்டது."

"சுயேச்சையா?" என்றான், உண்மையான கவலையோடு. "டெபாசிட் போயிரும்ணே."

என் மனைவிக்கு வேறு கவலை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அடுத்தவங்க பேசி முடிக்கிறவரைக்கும் நீங்க சும்மா உக்காந்து கேக்கணுமா?"

"ஆமா. அதுதான் படிப்பே."

"போன தீபாவளிக்கு நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சேன். இன்னும் முடிக்கல."

படிப்பில் நான் மோசமில்லை. எங்கள் பயிற்சியின் அடிப்படை எளியது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாழ்க்கையைப் பற்றி அவருக்குத்தான் அதிகம் தெரியும்; நாம் அதில் விருந்தாளி. அவர் என்ன மதம், என்ன சாதி, யாரோடு வாழ்கிறார், யாரை விரும்புகிறார் என்று எதையும் நாமே முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. யார் வந்தாலும் அவர் அவராகவே உட்கார இடம் இருக்க வேண்டும். இதை எழுத்துத் தேர்வில் நான் அழகாக விளக்கியிருந்தேன். என் விடைத்தாளை வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். அதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அப்படி வருகிறவரை என்னவென்று அழைப்பது என்பதும் எனக்கு ஒரு பிரச்சினையாக இருந்தது. நோயாளி என்று சொல்லக் கூடாது. வாடிக்கையாளர் என்றால் கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வருகிறது. கடைசியில் 'வந்தவர்' என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். வந்தவர் திரும்பவும் வருவாரா என்பதுதான் இந்தத் தொழிலின் முழுப் பதற்றமும் என்பது அப்போது தெரியாது.

எங்கள் பயிற்சி மையம் ஏ.எஸ்.ராவ் நகரில், ஒரு டிபன் சென்டருக்கு மேல்மாடியில். கீழே தோசைக்கல்லில் கரண்டி படும் சத்தம் மேலே எல்லா அறைகளிலும் கேட்கும். இரண்டாம் பருவத்தில் நிஜ மனிதர்களோடு உட்கார வேண்டும். அவர்கள் சம்மதித்தால் பேச்சைப் பதிவு செய்யலாம். அதை எங்கள் மேற்பார்வையாளர் கேட்பார். அவர் தெலுங்குக்காரர், என்னைவிட ரொம்பச் சின்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். பதிவை நிறுத்தும் பொத்தானை மட்டும் அழுத்துவார். அந்தப் பொத்தானுக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

எனக்கு வந்தவர் ஒரு பெண், முப்பதைத் தாண்டியவர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவரது சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். "சார், தமிழ்வாளு" என்று ரிசப்ஷனில் சொன்னதுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. தெலுங்கில் தடுமாற வேண்டாம். நம் மொழி. பிறகென்ன?

அவர் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். நிறுவனம் அவரைச் சென்னைக்கு மாற்றுகிறது. பதவி உயர்வோடு. மாதக் கடைசிக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் பதவி இன்னொருவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை.

"ஆபீஸ்ல கேக் வெட்டிட்டாங்க சார். சொந்த ஊருக்குப் போறேன்னு எல்லாருக்கும் குஷி. எனக்கு மட்டும் தூக்கமே வரமாட்டேங்குது. நெஞ்சுல ஏதோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குது. கைக்குன்னு எனக்கே தெரியல. வேலை புடிச்ச வேலைதான். சம்பளம் கூட. அம்மாகூட போன்னு சொல்றாங்க. நான்தான்..."

'கைக்கு' என்றால் ஏன். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்களின் வாயில் தக்கனி உருது இப்படித்தான் வந்து உட்காரும். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. என் முகம் மலர்ந்தது. பதிவில் முகம் தெரியாது. ஆனால் குரலில் அந்த மலர்ச்சி கேட்கும்.

"அடடே, எவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்க! நமக்கு எந்த ஊரும்மா?"

எவ்வளவு பணிவான கேள்வி என்று பாருங்கள். 'உனக்கு' இல்லை, 'உங்களுக்கு' கூட இல்லை. 'நமக்கு'. முன்பின் தெரியாதவரையும் அரை நொடியில் நம் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் சொல். எல்லோரையும் உள்ளடக்கும் அணுகுமுறை என்று பயிற்சியில் ஆங்கிலத்தில் படித்தது தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட இடம் அது.

"லாலாகுடா சார். இங்கதான்."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

"தாத்தாவே வந்துட்டாரு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பு."

"எந்தப் பக்கத்துலேருந்து வந்தாராம்?"

"அரக்கோணம் பக்கம்."

"அரக்கோணத்துல..."

"ஊரு பேரெல்லாம் தெரியாது சார். நாங்க அங்க போனதில்ல."

நல்ல அறிமுகம் ஆகிவிட்டது என்று நான் பாயின்ட்டுக்கு வந்தேன். அதன் பிறகு அவர் ஒத்துழைத்தார். நான் கேட்டதற்கெல்லாம் "ஹவ் சார்" என்றார். ஆமாம் என்று அர்த்தம். தூக்கத்துக்கு நான் சொன்ன மூச்சுப் பயிற்சிக்கும் "ஹவ் சார்". வியாழக்கிழமை பார்க்கலாமா என்றதற்கும் "ஹவ் சார்". இவ்வளவு அமைதியானவர் முதல் ஆளாக வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று மனைவியிடம் சொன்னேன்.

மேற்பார்வை மறுநாள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. நான் வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் அவர் தாளைப் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார். கொஞ்ச நேரத்தில் கை நீண்டது. பொத்தான்.

நாங்கள் ஆங்கிலமும் தெலுங்குமாகப் பேசினோம். தமிழில் தருகிறேன்.

"இந்த இடத்துல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலயே மேடம். எந்த ஊர்னு கேட்டேன்."

"மறுபடி கேளுங்க." ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். கேட்டேன். என் மலர்ச்சி தவிர ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு வார்த்தை புரியாது. நீளம் மட்டும்தான் கேக்குது. இதுக்கு முன்னாடி அவங்க பேசினதெல்லாம் நீளம் நீளமா இருக்கு. இதுக்கப்புறம் ரெண்டு வார்த்தை. கடைசி வரைக்கும் ரெண்டே வார்த்தை. என்ன கேட்டீங்க?"

"சாப்ட்டீங்களான்னு கேக்கற மாதிரி மேடம். எங்க ஆளுங்க எல்லாரும் கேக்கறதுதான்."

"யாரு எங்க ஆளுங்க?"

நான் தாளைப் புரட்டினேன். அவர் அதே மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"உங்ககிட்ட யாராவது எந்த ஊர்னு கேட்டா என்ன நடக்கும்?"

"சொல்வேன். எந்தத் தெருன்னு கேப்பாங்க. அதையும் சொல்வேன். அட, இன்னாரைத் தெரியுமான்னு கேப்பாங்க. தெரிஞ்சிருக்கும். காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்பாங்க."

"தெருப் பேரைச் சொன்னதும் காப்பி வராம போறவங்க யாராவது இருக்காங்களா?"

கீழே தோசைக்கல்லைக் கரண்டி சுரண்டியது. எனக்குத் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் உள்ள எல்லாத் தெருக்களும் ஒரே சமயத்தில் ஞாபகத்துக்கு வந்தன. ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை. சாதி என்ற சொல்லை வாயில் போடாமலே சாதியைக் கேட்க நாங்கள் கட்டி வைத்திருக்கும் நாசூக்கான படிக்கட்டு. நான் அதில் மூன்று படி ஏறியிருந்தேன். நாலாவதில் காலை வைத்தபோதுதான் அந்தப் பெண் கதவைச் சாத்தினார். அதையும் எவ்வளவு மரியாதையாகச் சாத்தினார் என்று இப்போது கேட்டது: "நாங்க அங்க போனதில்ல." நான் 'நமக்கு' என்று கூப்பிட்டேன். அவர் 'நாங்க' என்றார். நானில்லாத 'நாங்க'.

"நான் அந்த அர்த்தத்துல கேக்கல மேடம்."

"நீங்க எந்த அர்த்தத்துல கேட்டீங்கன்னு எனக்கு முக்கியமில்ல. அவங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

போன் செய்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன். கூடாது என்றார். வியாழக்கிழமை வருவதும் வராததும் அந்தப் பெண்ணின் இஷ்டம். வந்தால் நானே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். சமாதானம் சொல்லக் கூடாது. வேறு ஆள் வேண்டும் என்றால் மறுபேச்சில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்.

"இன்னொண்ணு. ரொம்ப உருகி மன்னிப்புக் கேட்டு, அவங்க உங்களுக்கு ஆறுதல் சொல்ற மாதிரி பண்ணிடாதீங்க. தூக்கமில்லாம வந்தது அவங்க."

நான் இந்தப் பருவத்தில் தேறுவேனா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

ஒரு மனுஷி தூக்கமில்லாமல் தவித்து, பேச ஓர் இடம் தேடிக் கண்டுபிடித்து, மாடி ஏறி வந்து, வாயைத் திறந்திருக்கிறார். திறந்த வாயை நான் மூட வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது. அவர் இனி வேறெங்கும் போய்ப் பேசாமலே இருந்துவிட்டால்? அந்தப் பாரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே ஏதோ ஒரு பதிலை எழுதி அனுப்பிவிட்டால்?

மன்னிப்பு வாசகம் ஒன்றைத் தயாரித்து மனைவியிடம் சொல்லிக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். எங்கள் குடும்ப வரலாற்றில் இதற்கும் இடம் உண்டு.

"நல்லாத்தான் இருக்கு. நெஞ்சைத் தொடுது."

"நெஜமாவா?"

"ஆமா. முடிச்சதும் அந்தப் பொண்ணு கீழ போய் உங்களுக்கு ஒரு சோடா வாங்கிட்டு வரணும். அவ்வளவு பாவமா இருக்கீங்க நீங்க இதுல."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அறையில் உட்கார்ந்தேன். எதிரே காலி நாற்காலி. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தேன். பக்கத்து அறைக்கு வந்தவர்கள். டிபன் சென்டருக்கு மாவு கொண்டு வந்தவர் வழி தவறி மேலே வந்து எட்டிப் பார்த்தார். அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு அவருக்குப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மேற்பார்வையாளர் ஒரு முறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வர மாட்டார் என்று நான் பேனாவை மூடியபோது வந்தார். உட்கார்ந்தார், ஆனால் நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தமிழ் நக்கோ எனக்கு, வேணாம். தெலுங்குல பேசறவங்க யாராச்சும் இருந்தா மாத்திக் குடுங்க. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

தயாரித்த வாசகம் மொத்தமும் மறந்துபோனது. நல்லதாகப் போயிற்று.

"மாத்திடலாம்," என்றேன். "இன்னிக்கே சொல்லிடறேன்."

அவர் எழுந்திருக்கப் பையைப் பிடித்தார். நான் சொன்னேன்: "போன வாரம் எந்த ஊர்னு கேட்டேன். கேக்க வேண்டியதே இல்ல. அதுக்கப்புறம் நீங்க பேசறதக் கொறச்சுட்டீங்க. எனக்கு அது தெரியல."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மௌனம் வந்தால் அதில் ஒரு ஜோக்கைப் போட்டு மூடுவதுதான் என் பிழைப்பு. மூன்று ஜோக்குகள் வரிசையில் நின்றன. மூன்றையும் விழுங்கினேன். அவர் பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார், மறுபடி இழுத்தார்.

"அஞ்சு கேள்வி சார்," என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எந்த ஊரு. அதுக்கு முன்னாடி எந்த ஊரு. ஊருல எந்தப் பக்கம். அப்பா என்ன வேலை. எந்த சர்ச்சு, எந்தக் கோயிலு. இதுல எதுலயாச்சும் ஒண்ணுல புடிச்சிருவாங்க. நீங்க நாலாவதுக்கு வரதுக்குள்ள நான் செவுத்தப் பாத்துத் திரும்பிட்டேன்." சின்னதாகச் சிரித்தார். "லாலாகுடால யாரும் கேட்டதில்ல சார். குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் ரயில்வே. ஸ்கூல்ல நான் தமிழ்ப் பொண்ணு, சாம்பார்னு கிண்டல் பண்ணுவாங்க, அவ்ளோதான். தெலுங்குகாரங்களும் மீ ஊரு ஏதின்னு கேக்கறவங்கதான். லாலாகுடான்னா, ஓ ரயில்வேவா, முடிஞ்சிது. என்னோட பதில வெச்சிகினு அவங்களுக்கு ஒண்ணும் பண்ணத் தெரியாது."

மூச்சு வாங்கினார்.

"சென்னைல ஃப்ரெண்டு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டுக்கு உக்காந்தா பக்கத்துல ஒரு ஆன்ட்டி. நமக்கு எந்த ஊரும்மா? இதே 'நமக்கு' சார். ரொம்ப ஆசையா அஞ்சையும் கேட்டாங்க. சொன்னேன். மொகம் அப்படியேதான் இருந்துச்சு. குரல்தான் எறங்கிப்போச்சு. அப்புறம் இலை எடுக்கறவரைக்கும் அந்தப் பக்கம் திரும்பியே பேசினாங்க. அங்க ஆபீஸ்ல போய் உக்காந்தா மொத நாளு லஞ்சுலயே கேப்பாங்க. தமிழ்ப் பேரு, தமிழ் பேசறா, ஆனா ஆக்சென்ட் வேற மாதிரி. கேக்காம இருப்பாங்களா? தெனமும் ஒருத்தரு. ஒவ்வொருத்தருக்கும் நான்..."

நிறுத்தினார். ஜிப்பிலிருந்து கையை எடுத்தார்.

"அடப்பாவி. இதுக்காகவா நான் தூங்கல?"

அதை அவர்தான் கண்டுபிடித்தார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பை மடியிலிருந்து தரைக்குப் போயிருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நேரம் முடிந்தபோது, அடுத்த வாரத்துக்குத் தெலுங்கு பேசும் ஆலோசகரை ஏற்பாடு செய்கிறேன் என்று எழுந்தேன்.

"வேணாம் சார். உங்ககிட்டயே வரேன். ஆனா தெலுங்குலதான்."

"என் தெலுங்கு ரொம்ப மோசம்."

"தெரியும். ரிசப்ஷன்ல நீங்க பேசறதக் கேட்டேன். அதான் சேஃப். ஜாஸ்தி பேச மாட்டீங்க."

என் தெலுங்கு போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் கற்றது. தக்காளிப் பெட்டியின் விலையைக் குறைக்க வரும். ஆட்டோக்காரரோடு சண்டை போட வரும். பயம், அவமானம், ஏக்கம் இதற்கெல்லாம் சொல் கிடையாது. அதனால் அவர் ஒரு சொல்லைச் சொன்னதும் எனக்கு ஒரே வழிதான் இருந்தது. "அண்டே?" என்பேன். அப்படியென்றால்? அவர் விளக்குவார். விளக்கும்போது இன்னும் கொஞ்சம் வெளியே வரும். அதிலும் ஒரு சொல் புரியாது. "அண்டே?" பதிவைக் கேட்ட மேற்பார்வையாளர் கடைசிவரை பொத்தானைத் தொடவில்லை. "தெரியாதது இவ்வளவு நல்லா வேலை செய்யுது பாருங்க," என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மாதக் கடைசி வாரம் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஹவ்னு சொல்லிட்டேன் சார். மெயில் போட்டாச்சு. போறேன்." பிறகு, "இன்னிக்குத் தமிழ்" என்றார். "நீங்க சென்னை ஆபீஸ்காரரு. லஞ்ச் டேபிள். எங்கிட்ட கேளுங்க."

"எத?"

"அதத்தான் சார். உங்களுக்கு நல்லா வரும்."

"நீங்க... எந்த..." என்று ஆரம்பித்தேன்.

"இப்படி இல்ல சார். இப்படி யாரும் கேக்க மாட்டாங்க. அன்னிக்குக் கேட்டீங்களே, ஆசையா. அந்த மாதிரி."

ஆயிரம் பேரிடம் யோசிக்காமல் கேட்ட கேள்வி. அன்று அதை வாயிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை. முகத்தை மலர வைத்தேன். அது வலித்தது.

"அடடே, நல்லாத் தமிழ் பேசறீங்களே. நமக்கு எந்த ஊரும்மா?"

அவர் சுவரைப் பார்த்தார். "இன்னொரு தடவ," என்றார். கேட்டேன். இந்த முறை "லாலாகுடா" என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார், அது பிடிக்கவில்லை என்று. "இன்னொரு தடவ." கேட்டேன்.

நேராக என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரல்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

நான் சென்னை ஆபீஸ்காரன். பதில் சொல்ல வேண்டும். "சும்மாதான்," என்றேன்.

"அண்டே?"

வாயைத் திறந்தேன். ரிக்கார்டரில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கீழே யாரோ இரண்டு ரவா தோசை சொன்னார்கள். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்து, காத்திருந்தார்.